மரத்துப்போகாத கை

ஜனவரி 11

அக்காவுக்கு,

டீச்சர் போட்ட உத்தரவுப்படி இதை எழுதுகிறேன். "நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசினா மூணாவது வாக்கியத்துல அம்மா சாவுல வந்து நிக்கிறீங்க. இனிமே எழுதிக்கோங்க. எழுதும்போது கத்த முடியாது" என்று பேப்பரையும் பேனாவையும் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து என் பொண்டாட்டியை நானும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறேன். ஒரு வகுப்புப் பிள்ளைகளையே அடக்குகிறவளுக்கு நாம் இரண்டு பேர் எம்மாத்திரம்.

அம்மா விஷயத்துக்குள் நான் போகவில்லை. "முன்னாடியே என்கிட்ட கூட்டிட்டு வந்திருக்கலாம்" என்று நீ சொன்னதும், "அடுத்தவன் தலையைத் திறந்து பார்க்கிறவளுக்குப் பெத்தவளைப் பார்க்க நேரமில்லை" என்று நான் சொன்னதும் அப்படியே கிடக்கட்டும்.

பொண்ணு வாலு நன்றாக இருக்கிறாள். மூன்றாம் வகுப்பில் பேச்சுக்கு ஒரு பரிசு இருந்தால் அவளுக்குத்தான். கடையில் ஆறு பேர் தைக்கிறார்கள், வெட்டுவதற்கு நான் ஒருவன். நாலு பள்ளிக்கூடத்து யூனிஃபார்ம் எங்கள் கையில் இருக்கிறது. அதனால் மாஸ்டர் என்ற மரியாதைக்கு இன்னும் குறைவில்லை.

ஒரு சின்ன விஷயம். பெரிய கத்தரி கொஞ்ச நாளாகக் கனக்கிறது. எட்டு மடிப்புத் துணியை நிறுத்தாமல் வெட்டுகிறவன் நான். இப்போது நாலு மடிப்புக்கே நடுவில் நிறுத்திக் கையை உதறுகிறேன். வலது கட்டைவிரல் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அதற்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மேடாக இருந்த சதை குழி விழுந்திருக்கிறது. முதலாளி வாயு என்கிறார். கடையில் பட்டன் வைக்கிற பெண் சத்துக் குறைவு என்கிறார். நரம்பு டாக்டரையே அக்காவாக வைத்துக்கொண்டு இவர்களிடம் எதற்குக் கேட்க வேண்டும்? ஒரு மாத்திரை பெயர் எழுதி அனுப்பு.

தம்பி


ஜனவரி 27

டேய் தம்பி,

மாத்திரை பெயர் எழுத நான் மருந்துக் கடை வைத்திருக்கவில்லை. அதோடு, நான் யார் தலையையும் திறப்பதில்லை. திறக்கிறவர் சர்ஜன். நான் கேட்பேன், தட்டிப் பார்ப்பேன், குத்திப் பார்ப்பேன், நடக்கவிட்டுப் பார்ப்பேன். இருபது வருஷமாகச் சொல்கிறேன், உன் மண்டையில் ஏறவில்லை.

எங்கள் வேலையில் முதல் கேள்வி 'என்ன வியாதி' என்பது இல்லை. 'எங்கே' என்பதுதான். தலைசுற்றல், மரப்பு, நடுக்கம், கால் இழுப்பு என்று எதைச் சொல்லிக்கொண்டு வந்தாலும் நான் இடத்தைத்தான் தேடுவேன். வீட்டில் விளக்கு எரியவில்லை என்றால் பல்பா, சுவிட்சா, ஒயரா, தெருவிலேயே கரண்ட் இல்லையா என்று பார்ப்பாய் அல்லவா, அவ்வளவுதான். மூளையில் கிளம்புகிற உத்தரவு தண்டுவடம் வழியாகக் கழுத்துக்கு வந்து, அங்கே நரம்பாகப் பிரிந்து, கை வழியாக உன் கட்டைவிரலுக்கு வருகிறது. அந்த வழியில் எங்கே அறுந்திருக்கிறது என்று தெரியாமல் வியாதிக்குப் பெயர் வைக்கிறவனை நான் பரீட்சையில் பெயிலாக்குவேன்.

போன வாரம் ஒரு கணக்காளர் வந்தார். பாதம் தூக்கவில்லை, செருப்பு கழன்று கழன்று விழுகிறது. முதுகெலும்பு என்று எல்லோரும் பயமுறுத்தி ஆபரேஷனுக்கு நாள் பார்த்திருந்தார்கள். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு நரம்பு தோலை ஒட்டி ஓடுகிறது. அங்கே தட்டினேன், துள்ளினார். நாளெல்லாம் கால்மேல் கால் போட்டு உட்காருகிறவர். காலைக் கீழே போடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். இடம் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

ஆகையால் ஒழுங்காகப் பதில் சொல்லு. வலி உண்டா? சட்டைப் பட்டன் போட முடிகிறதா? பூட்டில் சாவி திருப்ப முடிகிறதா? இடது கை எப்படி? கால் எப்படி? கண்ணை மூடிக்கொண்டு டீச்சரைப் பஞ்சாலும் ஊசியாலும் கை முழுக்கத் தொடச் சொல்லு. எங்கே தெரிகிறது, எங்கே தெரியவில்லை என்று எழுது.

ஒன்று சொல்லிவைக்கிறேன். நான் படிக்கும்போது உன்னைக் கட்டிலில் படுக்கவைத்துச் சோதித்துத்தான் பழகினேன். என் முகம் சுருங்கினால் உடனே பதிலை மாற்றிச் சொல்லுவாய், நான் சந்தோஷப்பட வேண்டும் என்று. அந்த வேலை இப்போது வேண்டாம். நோயாளி வாயில் வார்த்தையைத் திணிக்காதே என்பதுதான் மாணவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம். நான் திணிக்க மாட்டேன், நீயும் ஊகிக்காதே.

அம்மா விஷயத்துக்குள் நானும் போகவில்லை. போகாமல் இருப்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அக்கா


பிப்ரவரி 9

அக்காவுக்கு,

பரிசோதனை நடந்தது. டீச்சர் என்னைச் சாப்பாட்டு மேஜைமேல் படுக்கவைத்தாள், வாலு டார்ச் பிடித்தாள், டார்ச் எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை.

பஞ்சு எல்லா இடத்திலும் தெரிகிறது. ஊசி எல்லா இடத்திலும் தெரிகிறது. போன மாதம் அவள் தம்பி கல்யாண ரிசப்ஷனுக்கு நான் லேட்டாகப் போனதற்குச் சேர்த்துக் கொஞ்சம் அழுத்திக் குத்தியதும் தெரிகிறது. மரப்பு என்பது துளியும் இல்லை. வலியும் இல்லை, கழுத்தும் நன்றாகத்தான் இருக்கிறது.

பட்டன் போட முடியவில்லை. கழுத்துப் பட்டனை டீச்சர் போட்டுவிடுகிறாள். கடைப் பூட்டுக்குச் சாவி போட்டு இரண்டு கையாலும் திருப்புகிறேன். இடது கை பரவாயில்லை, ஆனால் அதுவும் கொஞ்சம் சோம்பேறியாகிறது என்று நினைக்கிறேன். ராத்திரி கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது.

இன்னொன்று, நீ கேட்கவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது மேல்கையில் சதை தானாகத் துடிக்கிறது. தோளிலும் உண்டு. கண்ணுக்கே தெரியும். வாலு அதன்மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "அப்பாக்குள்ள மீன் இருக்கு" என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் கூட்டிவந்து காட்டினாள். நானும் சட்டையைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நல்ல கூட்டம்.

மொத்தத்தில் மரப்பே இல்லாததால் பெரிதாக ஒன்றும் இருக்காது என்று டீச்சர் சொல்கிறாள். சரிதானே?

தம்பி


பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. நன்றாக, விவரமாக எழுதியிருக்கிறாய்.

மரப்பைப் பற்றி இன்னொரு தடவை யோசித்துப் பாரேன். அவசரத்தில் பார்த்திருப்பீர்கள். விரலில் எங்காவது, முன்கையில் எங்காவது, லேசாகக்கூட வித்தியாசம் இல்லையா? சில பேருக்கு ஊசி தெரியும், ஆனால் கூர்மை கொஞ்சம் மழுங்கி இருக்கும். எறும்பு ஊருவது மாதிரி? தலையைப் பின்னால் சாய்த்தால் கைக்குள் சுரீர் என்று ஒன்று ஓடுவது மாதிரி?

மரப்பு இருந்தால் நல்லது. அப்படியானால் கழுத்தெலும்புக்கு நடுவில் இருக்கிற தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று வைத்துக்கொள்ளலாம். குனிந்தே வேலை பார்க்கிற உன்னைப் போன்றவர்களுக்குச் சாதாரணமாக வருவது. ஒரு ஆபரேஷன், ஒரு மூன்று மாதம், பிறகு கத்தரியைப் பிடித்துவிடலாம். அதனால்தான் கேட்கிறேன். கொஞ்சம் பொறுமையாகப் பார்த்து எழுது, கண்ணு.

சதை துடிப்பது காபி அதிகம் குடித்தால்கூட வரும். காபி குறைத்துக்கொள். பாரமான துணிக்கட்டுத் தூக்காதே. நன்றாகச் சாப்பிடு.

வாலுவுக்கு என் முத்தம்.

அக்கா


மார்ச் 6

அக்காவுக்கு,

நீ சொன்னது சரி. அவசரத்தில்தான் பார்த்திருக்கிறோம். இந்தத் தடவை டீச்சர் இல்லாதபோது நானே நிதானமாகப் பார்த்தேன்.

மரப்பு இருக்கிறது. வலது கட்டைவிரலில் ஆரம்பித்து, மணிக்கட்டின் ஓரமாக ஏறி, முன்கையின் வெளிப்பக்கமாக முழங்கை வரைக்கும் போகிறது. துணியில் மார்க் பண்ணுகிற சாக்பீஸை எடுத்துக் கைமேலேயே கோடு போட்டுப் பார்த்தேன். கோட்டுக்கு இந்தப் பக்கம் நன்றாகத் தெரிகிறது, அந்தப் பக்கம் மந்தம். கோட்டை அப்படியே பேப்பரில் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். அளவெடுப்பதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

தலையைச் சாய்த்தால் சுரீர் என்பதும் இருக்கிறது. கழுத்து வலிக்கிறது. இவ்வளவு நாள் தலையணை சரியில்லை என்று நினைத்திருந்தேன்.

இப்போது கழுத்துதானே, அக்கா? நீ நிம்மதியாகத் தூங்கு.

தம்பி


மார்ச் 19

டேய் மடையா,

இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தால் என் உயிர் இப்படிப் போயிருக்காது. "மரப்பு என்பது துளியும் இல்லை" என்று என்ன ஜம்பமாக எழுதினாய். சோதிக்கத் தெரியாத டீச்சர், பதில் சொல்லத் தெரியாத மாஸ்டர், டார்ச் பிடிக்க ஒரு குரங்கு.

கழுத்துதான். என்னோடு படித்தவர் ஒருவர் உன் ஊரில் முதுகெலும்பு சர்ஜனாக இருக்கிறார். அவருக்கு எல்லாவற்றையும் விவரமாக எழுதி, உன் சாக்பீஸ் படத்தையும் நகல் எடுத்து அனுப்பிவிட்டேன். போய்ப் பார், ஸ்கேன் எடு. சீசன், ஆர்டர் என்று முதலாளிக்காக இழுத்தடித்தால் நானே வந்து உன் காதைத் திருகி இழுத்துக்கொண்டு போவேன்.

உன் கடிதம் வந்த அன்று ஆஸ்பத்திரி கேன்டீனில் எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டார்கள். தம்பிக்குக் கழுத்தில் தட்டு பிதுங்கியிருக்கிறது என்றேன். ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

அக்கா


ஏப்ரல் 12

அக்காவுக்கு,

ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. உன் சிநேகிதர் நல்ல மனிதர். என் கையை லேசாகத்தான் தொட்டுப் பார்த்தார். "உங்க அக்கா இவ்வளவு எழுதி, படமும் வச்சு அனுப்பியிருக்காங்க. அதுக்கு மேல நான் என்ன பார்க்கப் போறேன்? காலேஜ்லயே அவங்க ஒரு இடத்தைச் சொன்னா அது மாறாது" என்றார். நரம்பில் ஊசி வைத்து ஒரு டெஸ்ட் எடுக்க வேண்டாமா என்று அங்கிருந்த சின்ன டாக்டர் கேட்டார். தேவையில்லை என்றுவிட்டார். ஸ்கேனில் கழுத்தெலும்பு இரண்டு இடத்தில் தேய்ந்து தட்டு பிதுங்கியிருக்கிறதாம். மே முதல் வாரத்தில் ஆபரேஷன்.

டீச்சர் நிம்மதியாக இருக்கிறாள். பள்ளியில் லீவு சொல்லிவிட்டாள். முதலாளி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். பள்ளி திறக்கிற நேரத்தில் மாஸ்டர் இல்லையென்றால் அவர் என்ன செய்வார் பாவம்.

என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும், மன்னித்துக்கொள். கை பலம் இன்னும் குறைந்திருக்கிறது. தண்ணீர் குடிக்கும்போது அடிக்கடி புரை ஏறுகிறது. டீச்சர் "யாரோ நினைக்கிறாங்க" என்கிறாள், நீதான் என்று வைத்துக்கொண்டோம். நேற்று டிவியில் சோப்பு விளம்பரம் பார்த்து அழுதேன். நிறுத்த முடியவில்லை. அழுகிற விஷயமே அதில் இல்லை. பிறகு அதை நினைத்துச் சிரித்தேன், அதையும் நிறுத்த முடியவில்லை. வாலு பயந்து அம்மாவைக் கூப்பிட்டுவிட்டாள். ஆபரேஷன் பயம் என்று நினைக்கிறேன்.

நீ மூன்று தடவை போன் பண்ணியதாக டீச்சர் சொன்னாள். நாம்தான் எழுதுவது என்று முடிவு செய்தோமே.

தம்பி


ஏப்ரல் 21

தம்பி,

ஆபரேஷன் வேண்டாம். உன் சர்ஜனுக்கு நேற்றே போன் பண்ணி நிறுத்திவிட்டேன். இந்தக் கடிதம் வருவதற்குள் உனக்கும் சொல்லியிருப்பார்.

போன செவ்வாய்க்கிழமை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு மாணவன் எழுந்து, கட்டைவிரல் மரத்துப்போய், கட்டைவிரல் பக்கத்துச் சதையும் வற்றியிருந்தால் இரண்டும் கழுத்தில் ஒரே நரம்புதானே என்று கேட்டான். "தோல் வேற, சதை வேற. முதல் வருஷத்துப் பாடம்கூடவா மறந்துபோச்சு?" என்று எரிந்து விழுந்தேன். கட்டைவிரல் தோலுக்கு உணர்வு கொண்டுபோகிற நரம்பு கழுத்தில் மேலே கிளம்புகிறது. அதன் பக்கத்துச் சதையை அசைக்கிற நரம்பு அதற்கு இரண்டு படி கீழே கிளம்புகிறது. உன் சதை வற்றியதற்குக் கழுத்து காரணம் என்றால், மரப்பு சுண்டுவிரல் பக்கம் வந்திருக்க வேண்டும். கட்டைவிரல் பக்கம் வரவே வராது. பாதியில் என் வாய் நின்றுவிட்டது. வகுப்பு அதோடு முடிந்தது.

அறைக்கு வந்து உன் படத்தை எடுத்து வைத்தேன். பலவீனம் கட்டைவிரலில் இருப்பதால் மரப்பும் கட்டைவிரலில் இருக்கும் என்று நீயாக நினைத்துக்கொண்டு வரைந்திருக்கிறாய். எவ்வளவு சுத்தமான கோடு. நிஜமாக மரத்துப்போனவர்கள் இப்படி வரைவதில்லை, "இங்கே எங்கேயோ" என்று தடவித்தான் காட்டுவார்கள். என் மாணவன் இதைக் கொண்டுவந்திருந்தால் முகத்தில் விட்டெறிந்திருப்பேன். நான் அதைக் கேன்டீனில் காட்டிக் காபி வாங்கிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகுதான் நீ போனை எடுக்காததையும் யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை டீச்சரிடம் கெஞ்சிப் போனை உன் காதில் வைக்கச் சொன்னேன். "அக்கா, நான் நல்லாத்தான் இருக்கேன், போனை வை" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். உன் நாக்கு தடிக்கிறது, தம்பி. கழுத்து எலும்பு நாக்கைத் தொடாது. நாக்குக்கான நரம்பு அதற்கு மேலே, மண்டைக்குள்ளிருந்து வருகிறது. கை, கெண்டைக்கால், நாக்கு. இவ்வளவும் சேர்ந்து ஒரே இடத்தில் இருக்க முடியாது.

ஏண்டா பொய் சொன்னாய்? கழுத்தை அறுக்கக் கொடுத்துவிட்டு மேஜைமேல் படுத்திருப்பாயா? உனக்குக் கோபம் என்றால் என்னைத் திட்டு, வழக்கம்போலக் கத்து. இது என்ன வேலை?

ஊசி டெஸ்டும் ரத்த டெஸ்டும் எழுதி அனுப்பியிருக்கிறேன். அந்தச் சின்ன டாக்டரிடமே போ. அவன்தான் உருப்படியானவன்.

அக்கா


மே 4

அக்காவுக்கு,

டெஸ்ட் எல்லாம் முடிந்தது. சின்ன டாக்டர் கையில், காலில், கடைசியில் நாக்கிலும் ஊசி வைத்துப் பார்த்தார். ஊசி வைக்கிற இடத்தில் எல்லாம் மெஷின் மழை பெய்கிற மாதிரி சத்தம் போட்டது. நல்ல சத்தமா என்று கேட்டேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "அக்காகிட்ட பேசிக்கிறேன், சார்" என்றார். எல்லோரும் உன்னிடமே பேசுகிறார்கள்.

ஏன் பொய் சொன்னேன் என்று கேட்டாய். உன் பிப்ரவரி கடிதத்தால்தான். அதில் ஒரு திட்டுகூட இல்லை. "அன்புள்ள தம்பிக்கு" என்று ஆரம்பித்திருந்தாய். "விவரமாக எழுதியிருக்கிறாய்" என்று பாராட்டியிருந்தாய். கண்ணு என்று கூப்பிட்டிருந்தாய். பிறந்ததிலிருந்து நீ என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. சதை துடிப்பதற்குக் காபி காரணம் என்று எழுதினாய், நான் காபி குடிப்பதில்லை, உனக்குத் தெரியும். மரப்பு இருந்தால் நல்லது என்று நீ எழுதியதில், இல்லாவிட்டால் என்ன என்பது எனக்கு விளங்கிவிட்டது. பெயர்தான் தெரியவில்லை.

என்னை எதற்கும் கெஞ்சாதவள் நீ. ஒரு மரப்புக்காகக் கெஞ்சினாய். கொடுத்துவிட்டேன். ஒரு மாதமாவது நீ தூங்கினாய் அல்லவா, அது போதும். ஆபரேஷன் வரைக்கும் போகும் என்று நினைக்கவில்லை. நாள் குறித்த பிறகு எப்படி வெளியே வருவது என்று தெரியாமல் முழித்தேன். ஒருவேளை ஸ்கேனில் தெரிந்ததுதான் காரணமோ என்று எனக்கே ஒரு ஆசை வந்துவிட்டது, அக்கா. வரைந்து வரைந்து ஒரு நாள் நிஜமாகவே விரல் மரத்த மாதிரி இருந்தது. ஊசியால் குத்திப் பார்த்தேன். வலித்தது. உட்கார்ந்து அழுதேன், அது சோப்பு விளம்பரத்துக்கு அழுத அழுகை இல்லை.

இப்போது நீ சொல். பெயரைச் சொல். இனிமேல் என்னென்ன நடக்கும் என்று வரிசையாகச் சொல். அன்புள்ள தம்பி என்று ஆரம்பிக்காதே.

தம்பி


மே 15

டேய்,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது நாலாவது. இதையும் கிழித்தால் என்னால் எழுதவே முடியாது.

மோட்டார் நியூரான் நோய். தசையை அசைக்கிற நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. மூளையிலும், தண்டுவடத்திலும், நாக்குக்கும் தொண்டைக்கும் உத்தரவு போகிற இடத்திலும். இடம் எங்கே என்று தேடுகிறவள் நான். இதற்கு ஒரே இடம் இல்லை, எல்லா இடமும்தான். ஏன் வருகிறது என்று பெரும்பாலும் தெரியாது. குனிந்து வேலை பார்த்ததால் வரவில்லை. அம்மா சாவுக்கு நாம் சண்டை போட்டதால் வரவில்லை. நீ அப்படி நினைப்பாய் என்பதால் எழுதுகிறேன், நானும் நினைத்தேன்.

இதே மாதிரி நடித்து ஏமாற்றுகிற, மருந்துக்குக் கேட்கிற வேறு ஒன்றிரண்டு நோய்கள் உண்டு. அதில் ஏதாவது ஒன்றாக இருக்கக்கூடாதா என்றுதான் அத்தனை ரத்த டெஸ்டும் எழுதினேன். எல்லாம் சரியாக வந்திருக்கிறது. தம்பி ரத்தம் நன்றாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு அழுத அக்கா நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இனி, வலது கை போகும், பிறகு இடது கை. நடை தளரும். பேச்சு குழறி, பிறகு புரியாமல் போகும். விழுங்குவது கஷ்டமாகும், அதற்கு வயிற்றில் குழாய் வைக்கலாம். கடைசியில் மூச்சு. அதற்கும் ராத்திரியில் போட்டுக்கொள்ள மெஷின் இருக்கிறது. ஒரு மாத்திரை உண்டு, கொஞ்சம் தள்ளிப்போடும், நிறுத்தாது. காரணமில்லாத அழுகையும் சிரிப்பும் நோயுடையவை, அதற்கு மருந்து இருக்கிறது, எழுதியிருக்கிறேன். உன் யோசனை பெரும்பாலும் உன்னுடையதாகவே இருக்கும். கண் தெரியும், காது கேட்கும்.

உணர்வு போகாது. எதை நீ இருக்கிறது என்று பொய் சொன்னாயோ, அது கடைசிவரை வராது. டீச்சர் கையைப் பிடித்தால் தெரியும். வாலு மேலே ஏறி உட்கார்ந்தால் கனம் தெரியும். நான் உன்னிடம் மரப்பைக் கேட்டுக் கெஞ்சினேன். இப்போது அது இல்லாததற்குச் சாமி கும்பிடாத குறையாக இருக்கிறேன்.

நோயாளிகளிடம் இதைச் சொல்லும்போது நான் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பேன். சொல்லி முடித்ததும் அவர்கள் எழுந்து போவார்கள், நான் அடுத்த ஆளைக் கூப்பிடுவேன். இப்போது யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

எத்தனை நாள் என்று நீ கேட்கவில்லை. கேட்டால் சொல்லுவேன்.

அக்கா


மே 29

அக்காவுக்கு,

டீச்சரிடம் சொல்லிவிட்டேன். உன் கடிதத்தைப் படிக்கக் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு மடித்து வைத்தாள், போய்ப் பாத்திரம் எல்லாவற்றையும் கழுவினாள், கழுவி வைத்திருந்ததையும் எடுத்துக் கழுவினாள். பிறகு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது தெரியுதா?" என்று கேட்டாள். தெரியுது என்றேன். என் பேச்சு இப்போது டீச்சருக்கும் வாலுவுக்கும்தான் முழுதாகப் புரிகிறது. வாலு மற்றவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்கிறாள், தன் சொந்தக் கருத்தையும் சேர்த்து.

கடையில் புது ஆளை வைத்துவிட்டார்கள். நல்ல பையன், துணியை வீணாக்கமாட்டான். முதலாளி என்னிடம், "மாஸ்டர், சும்மா வந்து உட்காருங்க, மேற்பார்வை பண்ணுங்க" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னார், வாயு என்று சொன்ன வாய்.

நான் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். கடையில் இருந்து ஒரு முழுச் சுருள் யூனிஃபார்ம் துணி வாங்கி வந்தேன். நான் கடையில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து வாலு பள்ளி யூனிஃபார்ம் மாறவில்லை, இனிமேலும் மாறாது. நாலாம் வகுப்புக்கு வெட்டித் தைத்தாகிவிட்டது. ஐந்து, ஆறு, ஏழு என்று மேலே எல்லா வகுப்புக்கும் வெட்டி, கட்டி வைத்துவிடலாம் என்று பார்க்கிறேன். தைப்பதை யார் வேண்டுமானாலும் தைக்கலாம். வெட்டுவது நான் வெட்டியதாக இருக்கட்டும். இடது கையில் கத்தரியின் ஒரு காதைப் பிடித்து மேஜைமேல் ஊன்றிக்கொண்டு வலது உள்ளங்கையால் அழுத்தினால் ஒரு மடிப்பு வெட்ட முடிகிறது.

அவள் எப்படி வளர்வாள் என்று தெரியவில்லை. எல்லோரும் அவளை உன் ஜாடை என்கிறார்கள், நடையும் உன் நடை. பத்தாவதில் உன் உயரம் என்ன, தோள் எவ்வளவு, ஞாபகம் இருந்தால் எழுது. பழைய போட்டோவைப் பார்த்தாவது எழுது.

நாள் எத்தனை என்று நான் கேட்கப் போவதில்லை. இதை மட்டும் சொல். எந்த வகுப்புவரைக்கும் வெட்டிக் கட்டி வைக்க எனக்குக் கை இருக்கும்? வரிசையாக ஐந்தாவதிலிருந்து ஆரம்பிக்கட்டுமா?

தம்பி


ஜூன் 7

டேய் மாஸ்டர்,

நீண்ட லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை வருகிறேன். டீச்சரிடம் எனக்குத் தனி அறை எல்லாம் ஒழிக்க வேண்டாம் என்று சொல்லு, வாலுவோடு படுத்துக்கொள்கிறேன்.

பத்தாவதில் நான் ஐந்தடி மூன்று. அதற்குப் பிறகு ஒரு அங்குலம்தான் வளர்ந்தேன். தோள் பதினாலரை இருந்தது. இடுப்பு மெலிவு, கை மட்டும் நீளம், ரெடிமேடு எதுவும் மணிக்கட்டுவரை வராது. கையில் தாராளமாக விடு. ஏழாவதில் திடீரென்று வளர்ந்தேன், அதனால் ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் நடுவில் நிறைய வித்தியாசம் வை. கீழ் மடிப்பு எல்லாவற்றிலும் நாலு விரல் இருக்கட்டும். அவள் என்னைப் போல வளராவிட்டாலும் பிரித்துச் சரிசெய்யலாம்.

நீ கேட்டதற்குப் பதில் எழுத ஒரு வாரமாக உட்கார்ந்திருக்கிறேன். ஐந்தாவதிலிருந்து ஆரம்பிக்காதே. பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து கீழே இறங்கி வா. துணி பெரிதாக இருப்பதற்குத்தான் பலம் வேண்டும், அது உன் கையில் இந்த மழைக்காலம் வரைக்கும் இருக்கும். நான் துணியைப் பிடித்துக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்பை விட்டுவிடு, அடுத்த வருஷம் அதற்கு நீ பக்கத்தில் உட்கார்ந்திருப்பாய், வேறு யாராவது வெட்டும்போது கண்ணால் காட்டித் திருத்தலாம். ஆறாவது வரைக்கும் எல்லாவற்றையும் இப்போதே வெட்டிவிடு.

அக்கா